இன்ஜினைக் குறை சொல்லும் முன் டேப்பட்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் இந்தக் கார்களின் இன்ஜினை நம்பி வெளியூர் போக முடியாது, எண்ணெய் ஒழுகும், நடுவழியில் நின்றுவிடும், வாங்கியவர்கள் அதைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு ஜப்பான் இன்ஜினைப் பொருத்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்று முடித்திருந்ததைப் படித்த பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மதுரைக்காரன். வேலைக்காக இங்கிலாந்து வந்து, ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே ஆபிங்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். எம்.ஜி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களை 1929 முதல் 1980 வரை இந்த ஆபிங்டனில்தான் செய்தார்கள். 1962-ல் வந்த எம்.ஜி.பி. என்ற மாடல் மட்டும் 5 லட்சத்துக்கும் மேல் இங்கிருந்து போயிருக்கிறது, அதில் பெரும்பங்கு கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனது. என்னிடம் இருப்பது 1966-ல் செய்த ஒரு எம்.ஜி.பி. 2011-ல் வாங்கினேன். அன்றிலிருந்து அதன் இன்ஜினை நானே பார்த்துக்கொள்கிறேன், வேல்ஸ் மலைப்பாதை வரைக்கும் அதில்தான் போய் வருகிறேன். நடுவழியில் நின்றதே இல்லை என்று சொல்ல மாட்டேன், நின்றிருக்கிறது. ஏன் நின்றது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அதற்கு முன் உங்கள் கட்டுரையில் இல்லாத ஒரு விஷயம். எம்.ஜி.பி.யின் பானெட்டுக்கு அடியில் இருப்பது பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் 'பி சீரிஸ்' இன்ஜின், 1798 சி.சி. நம் ஊர் அம்பாசடரில் 1950-களின் இறுதியிலிருந்து 1990-களில் இசுசு இன்ஜின் வரும் வரை ஓடிக்கொண்டிருந்த 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினும் அதே பி சீரிஸ்தான். அண்ணன் தம்பி என்று சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் இரண்டிலும் அச்சாக 88.9 மில்லிமீட்டர். போர், அதாவது சிலிண்டரின் குறுக்களவு மட்டும்தான் பெரிது, அம்பாசடரில் 73, எம்.ஜி.பி.யில் 80.26. அதே வார்ப்பிரும்பு பிளாக், வால்வைத் திறக்க அதே புஷ் ராட், அதே ராக்கர், நாலு சிலிண்டரிலும் நெருப்புப் பிடிக்கும் வரிசையும் அதே 1-3-4-2. பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் எஸ்.யூ. கார்ப்பரேட்டர் அம்பாசடரில் ஒன்று, எம்.ஜி.பி.யில் இரண்டு. எம்.ஜி.பி.க்கு முன்னால் வந்த எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் கார் 1955-ல் வெளியானபோது அதற்குள் இருந்ததும் 1489 சி.சி. இன்ஜின்தான். ஆக, நம் ஊர் டாக்சி ஸ்டாண்டுகளில் இரவும் பகலும் உழைத்த ஒரு இன்ஜின் குடும்பத்தைத்தான் உங்கள் கட்டுரை நம்ப முடியாதது என்கிறது. கல்யாண வீட்டுக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் மலை ஏறிய இன்ஜின் அது.

என் தாய்மாமன் மதுரை தெற்குவாசல் பக்கம் 30 வருடத்துக்கு மேல் அம்பாசடர் மெக்கானிக்காக இருந்தவர். சின்ன வயதில் பள்ளி விடுமுறைக்கு அவர் பட்டறையில் போய் உட்கார்ந்திருப்பேன். அவர் வண்டியின் பானெட்டைத் திறக்கும் முன்பே சைலன்சர் பக்கம் போய் நின்று, உள்ளங்கையை அந்தப் புகைக்கு நேராகக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார். அப்புறம்தான் ஸ்பானர். அப்போது அது எனக்கு விளங்கவில்லை. இங்கே வந்து எம்.ஜி. வாங்கிய இரண்டாம் வருடம் விளங்கியது.

என் கார் சும்மா நிற்கும்போது சுத்தமாக ஓடும். சாலையில் 40 மைல் வேகத்தில் ஒரு சின்ன ஏற்றம் வந்து ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் உதறும், விட்டால் சரியாகும், மறுபடி மிதித்தால் மறுபடி உதறும். ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டேன். இரண்டு கார்ப்பரேட்டரையும் கழற்றிப் பிரித்து, ஜெட், ஊசி, மிதவை வால்வு எல்லாம் புதிதாகப் போட்டு, கணிசமாகப் பணமும் வாங்கிக்கொண்டார்கள். திரும்பி வரும் வழியிலேயே அதே உதறல். அன்று இரவு மாமாவுக்குப் போன் செய்து, போனை இன்ஜின் பக்கத்தில் பிடித்துக் கேட்க வைத்தேன்.

"புகை கறுப்பா வருதா மாப்ள?"

"இல்ல மாமா."

"பிளக்கு என்ன கலர்ல இருக்கு?"

"நாலும் பிஸ்கட் கலர்."

"அப்ப பெட்ரோல்ல ஒண்ணும் இல்ல. கரண்டுதான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியத் தொறந்து பாயிண்டுக்குப் போற வயர லேசா இழுத்துப் பாரு."

இழுத்தேன். வயர் ரப்பர் மாதிரி நீண்டது. மேலுறை முழுசாக இருந்தது, உள்ளே செம்புக் கம்பி அறுந்து போயிருந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் என்பது பிளக்குகளுக்கு முறைவைத்துக் கரண்டைப் பிரித்துக் கொடுப்பது, பாயிண்ட் என்பது அதற்குள் கரண்டை வெட்டிப் பொறியை வரவைக்கும் சின்ன சுவிட்ச். லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு அசையாமல் நிற்பதில்லை, இன்ஜினின் உறிஞ்சு சக்தி, அதாவது வேக்குவம், இழுக்கும்போதெல்லாம் கொஞ்சம் திரும்பும். அந்த விரல் நீள வயர் அதோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான தடவை மடங்கி மடங்கி உள்ளுக்குள் அறுந்துவிடுகிறது. தட்டு ஒரு நிலையில் இருக்கும்போது அறுந்த முனைகள் தொட்டுக்கொள்ளும், திரும்பும்போது விலகும். அதனால்தான் லேசாக மிதித்தால் மட்டும் உதறல். வயரின் விலை சில பவுண்டு. 8,000 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, பார்க்காமலே சொன்னார் மனிதர்.

அந்த இரவிலிருந்து நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஒன்றுதான். இந்த இன்ஜினைச் சரி செய்ய ஒரு வரிசை இருக்கிறது. முதலில் டேப்பட், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் நடுவில் விட வேண்டிய இடைவெளி, அடுத்து பிளக்கும் பாயிண்டும், அப்புறம் பொறி பறக்கும் நேரமான டைமிங், எல்லாம் முடிந்த பிறகுதான் கார்ப்பரேட்டர். பழைய பிரிட்டிஷ் கார் மோசம் என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தவர்கள், அல்லது அப்படிச் செய்த ஒருவரிடம் காரைக் கொடுத்தவர்கள். உதறினால் உடனே கார்ப்பரேட்டர் நட்டைத் திருகத் தொடங்கிவிடுகிறார்கள், ஏனென்றால் அதுதான் கைக்கு எட்டுகிற இடத்தில், திருகுவதற்கு வசதியாக இருக்கிறது. வால்வு சரியாக மூடாத இன்ஜினில், நெருப்பு நேரத்துக்கு வராத இன்ஜினில், பெட்ரோலை எப்படிக் கூட்டிக் குறைத்தாலும் என்ன பலன்? ஒரு தவறை மறைக்க இன்னொரு தவறைச் சேர்த்ததுதான் மிச்சம். அப்புறம் மூன்றாவது ஆள் வந்து பார்க்கும்போது எது எங்கே கெட்டது என்று யாருக்கும் தெரியாது.

டேப்பட் இடைவெளி 15 தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது. எட்டு வால்வு. எதைச் சரி செய்ய வேண்டுமோ அதன் எண்ணோடு கூட்டினால் 9 வருகிற வால்வு முழுசாகத் திறந்திருக்க வேண்டும், அதாவது 8 திறந்திருக்கும்போது 1-ஐப் பார்க்க வேண்டும், 6 திறந்திருக்கும்போது 3-ஐ. மாமா இதை ஒன்பது கணக்கு என்பார். இதில் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. பழைய ராக்கரின் முனையில், வால்வுத் தண்டு தட்டித் தட்டி ஒரு சின்னக் குழி விழுந்திருக்கும். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு அந்தக் குழிக்குள் இறங்காமல் மேலே பாலம் போல உட்கார்ந்துகொள்ளும். தகடு 15 என்று காட்டும், உண்மையில் 20-க்கும் மேல் இருக்கும். சரியாக வைத்தும் இன்ஜின் தையல் மெஷின் மாதிரி தட்டுகிறதே என்று குழம்புகிறவர்கள் ராக்கரைக் கழற்றி முனையைப் பார்த்தால் போதும்.

பாயிண்ட் இடைவெளியும் கிட்டத்தட்ட அதே 15 தவ்தான், 14-லிருந்து 16-க்குள். பிளக் 25 தவ். டைமிங், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை டிகிரி முன்னால் பொறி பறக்க வேண்டும் என்பது, இன்ஜினை நிறுத்தி வைத்துப் பார்த்தால் 10 டிகிரி, ஓடவிட்டு ஸ்ட்ரோப் விளக்கு வைத்தால், வேக்குவம் குழாயைக் கழற்றிவிட்டு, நிமிடத்துக்கு 600 சுற்றில் 14 டிகிரி. என்னுடையது போன்ற 60-களின் கார்களில் டைமிங் குறி கிராங்க் புல்லிக்கு அடிப்பக்கம் இருக்கிறது, தரையில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். அந்தச் சிரமத்துக்காகவே பலர் டைமிங்கைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு எடைக்கட்டிகளும் இரண்டு சின்ன ஸ்பிரிங்குகளும் உண்டு, வேகம் கூடக் கூட நெருப்பை முன்னால் கொண்டு வருவது அவற்றின் வேலை. 50, 60 வருடத்தில் அந்த ஸ்பிரிங் தளர்ந்து போகும். தளர்ந்தால் நெருப்பு சீக்கிரமே முந்திக்கொள்ளும், மேட்டில் இன்ஜின் உள்ளே சுத்தியலால் தட்டுவது போல நாக்கிங் வரும். பாயிண்ட் தட்டைத் திருப்பும் வேக்குவம் டப்பாவைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். குழாயின் முனையை வாயில் வைத்து உறிஞ்சிப் பிடித்தால் தட்டு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். திரும்பி வந்துவிட்டால் உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது. கையேட்டில் உள்ள 14 டிகிரி அந்தக் காலப் பெட்ரோலுக்கு எழுதியது, அதை வைத்துத் தொடங்கி, ஏற்றத்தில் நான்காம் கியரில் ஏற்றிப் பார்த்து, தட்டினால் ஒன்றிரண்டு டிகிரி பின்னுக்குத் தள்ளுவேன். அதைக் காதால் மட்டும்தான் செய்ய முடியும்.

இப்போது கார்ப்பரேட்டர். எஸ்.யூ. கார்ப்பரேட்டரைப் பற்றி எழுத இடம் கிடைத்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, அவ்வளவு அழகான ஒரு பொருள் அது. ஸ்கின்னர் என்ற சகோதரர்கள் உருவாக்கியது. செருப்பு வியாபாரக் குடும்பம். அதனால்தானோ என்னவோ, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த முதல் எஸ்.யூ.க்களில், கார்ப்பரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனுக்குப் பதில் தோலால் செய்த துருத்தி இருந்தது. மற்ற பல கார்ப்பரேட்டர்களில் மெதுவான ஓட்டத்துக்கு ஒரு ஜெட், வேகத்துக்கு ஒரு ஜெட், திடீரென்று மிதிக்கும்போது பீய்ச்ச ஒரு பம்பு என்று இருக்கும். இதில் ஒரே ஜெட். அதற்குள் மேலிருந்து ஒரு ஊசி இறங்கி நிற்கிறது, கீழே போகப் போகக் கூர்மையாகிற ஊசி. இன்ஜின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அவ்வளவு பிஸ்டன் மேலே எழும்பும், பிஸ்டனோடு ஊசியும் எழும்பும், ஊசி எழும்பிய அளவுக்கு ஜெட்டில் வழி விரியும், பெட்ரோல் கூடும். காற்றே தனக்கு வேண்டிய பெட்ரோலை அளந்துகொள்கிறது. பிஸ்டன் தண்டுக்குள் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி வைத்திருப்பார்கள். நீங்கள் சட்டென்று மிதிக்கும்போது பிஸ்டன் துள்ளி எழாமல் அந்த எண்ணெய் பிடித்து வைக்கும், அந்த ஒரு கணம் கலவை கெட்டியாகி வண்டி இழுக்கும். அந்த எண்ணெய் வற்றிப்போனால் மிதித்ததும் வண்டி ஒரு கணம் தயங்கும். 20 கிரேடு மெல்லிய எண்ணெய் நாலு சொட்டு ஊற்றினால் தீர்ந்துவிடும் கோளாறு அது, அதற்காகக் கார்ப்பரேட்டரையே மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எம்.ஜி.பி.யில் ஒன்றரை அங்குல எஸ்.யூ. இரண்டு. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும், அதுதான் முதல் வேலை. இன்ஜின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, இரண்டையும் இணைக்கும் கம்பியின் பிடிகளைத் தளர்த்திவிட்டு, ஒரு முழ நீள ரப்பர் குழாயை ஒரு முனை காதிலும் மறுமுனை கார்ப்பரேட்டர் வாயிலுமாக வைத்துக் கேட்டால் 'ஸ்ஸ்' என்ற சத்தம் வரும். அடுத்ததிலும் வையுங்கள். இரண்டு சத்தமும் ஒரே சுருதியில் சேரும் வரை ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். இதற்குக் காற்று அளக்கும் மீட்டர் கடையில் கிடைக்கிறது, நானும் வாங்கினேன், இப்போது குழாயைத்தான் பயன்படுத்துகிறேன். காற்று சேர்ந்த பிறகு பெட்ரோல். ஜெட்டுக்குக் கீழே ஆறு பட்டை நட் ஒன்று இருக்கிறது. முழுசாக மேலே ஏற்றிவிட்டு இரண்டு சுற்று, அதாவது 12 பட்டை கீழே இறக்கினால் தொடக்க நிலை. இறக்க இறக்கப் பெட்ரோல் கூடும், ஏற்ற ஏற்றக் குறையும். ஒரு நேரத்தில் ஒரு பட்டைக்கு மேல் திருப்பக் கூடாது. பிஸ்டனைத் தூக்க ஒரு சின்ன முளை இருக்கும், அதை விரலால் மெதுவாக அழுத்திப் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்கள். இன்ஜின் வேகம் கூடிக் கூடியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே விழுந்து அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. துளி கூடி, உடனே பழைய நிலைக்கு வந்து அமைதியானால் அதுதான் சரி. நடுவில் மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை இன்ஜினை 2,500 சுற்றுக்கு ஏற்றிவிட்டு இறக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே பெட்ரோல் சேர்ந்து நாம் பார்ப்பதே பொய்யாகிவிடும்.

கடைசியில் சைலன்சர் பக்கம் போய்க் கேளுங்கள். ஒரே சீராக வந்தால் சரி. தாளம் தப்பாமல் இடைவெளி விட்டு உதறி, புகையும் கறுப்பாக வந்தால் பெட்ரோல் அதிகம். தாளமே இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெறித்து, புகை நிறமில்லாமல் வந்தால் குறைவு. என் மாமா அன்று உள்ளங்கையை நீட்டிக்கொண்டு பார்த்தது இதைத்தான். இங்குள்ள பி.எம்.சி. கையேட்டிலும் இதே சோதனை அச்சில் இருக்கிறது. மாமாவின் பட்டறையில் அந்தக் கையேட்டை நான் பார்த்ததே இல்லை. அவர் யாரிடம் கற்றார் என்று கேட்டேன், "எங்க மேஸ்திரி" என்றார், அவ்வளவுதான்.

எண்ணெய் ஒழுகல் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கட்டுரை அதைத்தான் பெரிதாக எழுதியிருந்தது. இன்ஜினுக்குள் பிஸ்டனைத் தாண்டிக் கொஞ்சம் காற்றழுத்தம் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும், அது வெளியேற வழி வேண்டும். 60-களின் எம்.ஜி.பி.யில் கார்ப்பரேட்டரிலிருந்து இன்ஜினுக்குள் போகும் குழாயான இன்லெட் மேனிஃபோல்டு மேல் குடைக்காளான் மாதிரி ஒரு வால்வு உட்கார்ந்திருக்கும், அந்த அழுத்தத்தை உறிஞ்சி மறுபடி இன்ஜினுக்கே கொடுப்பது அதன் வேலை. காற்று உள்ளே வருவதற்கு எண்ணெய் ஊற்றும் மூடியிலேயே ஒரு வடிகட்டி உண்டு, அந்த மூடியை 12,000 மைலுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். பலருக்கு அந்த மூடிக்குள் வடிகட்டி இருப்பதே தெரியாது. வால்வும் குழாயும் அடைத்துக்கொண்டால் அழுத்தம் எங்கே போகும்? எண்ணெயைத் தள்ளிக்கொண்டு கேஸ்கெட், சீல் வழியாக வரும். உடனே இன்ஜின் ஒழுகுகிறது என்று சொல்லிவிடுகிறோம். அந்த வால்வின் சவ்வு கிழிந்திருந்தால் வேறு மாதிரி, கள்ளக்காற்று உள்ளே போய் ஐடிலிங், அதாவது வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம், ஒரு நிலையில் இருக்கவே இருக்காது, அப்போதும் பழி கார்ப்பரேட்டர் மேல்தான் விழும்.

உண்மையாகவே இன்று இந்த இன்ஜின்களுக்கு வந்திருக்கிற சிக்கல் பெட்ரோல். கட்டுரை அதைத் தொடவே இல்லை. பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு ஈயம் கலந்த பெட்ரோல் பொது விற்பனையிலிருந்து போய்விட்டது. மனித உடம்புக்கு அது நல்லது, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் சிலிண்டர்களுக்கு மேல் மூடியாக இருக்கும் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வு உட்காரும் இடத்தை அந்த ஈயம்தான் தேயாமல் காத்துக்கொண்டிருந்தது. அது இல்லாவிட்டால் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக ஹெட்டுக்குள் இறங்கும், எக்ஸாஸ்ட் டேப்பட் இடைவெளி தானாகவே குறைந்துகொண்டே வரும். அப்படிக் குறைவதைப் பார்த்தால் ஹெட்டைக் கழற்றி, கடினமான சீட் வளையம் பொருத்திவிட வேண்டும், ஒரு தடவை செய்தால் போதும். அடுத்தது எத்தனால். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால், இந்தியாவில் இப்போது 20 சதவீதம். பழைய ரப்பர் குழாயை அது உள்ளிருந்து கரைக்கிறது, ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய அளவில் வைத்த கார்ப்பரேட்டரில் கலவை மெலிந்துபோகும். மெலிந்த கலவையில் இன்ஜின் சூடேறும், எக்ஸாஸ்ட் வால்வு கருகும். நான் எத்தனால் 5 சதவீதத்துக்கு மேல் போகாத சூப்பர் பெட்ரோல் போடுகிறேன், குழாய்களையெல்லாம் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிட்டேன். சென்னையிலோ கோவையிலோ எம்.ஜி., ட்ரையம்ஃப் போன்ற பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்களுக்கு இதைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். எம்.ஜி.பி.யில் கார்ப்பரேட்டரும் எக்ஸாஸ்ட்டும் இன்ஜினின் ஒரே பக்கம். சித்திரை வெயிலில் ஓட்டி நிறுத்திய வண்டியில் கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகி, திரும்ப ஸ்டார்ட் ஆகாமல் அடம் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வெப்பத் தடுப்புத் தகட்டை வேண்டாத பொருள் என்று நினைத்து யாராவது கழற்றிப் போட்டிருந்தால் தேடிப்பிடித்துத் திரும்பப் போடுங்கள்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 1967 வரை வந்த எம்.ஜி.பி.க்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் கார் உடலோடு இணைத்த எர்த், இன்று எல்லா வண்டியிலும் இருப்பதற்கு நேர் எதிர். சீட்டுக்குப் பின்னால் ஆறு வோல்ட் பேட்டரி இரண்டை வரிசையாக இணைத்திருப்பார்கள். இது தெரியாமல் பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வாங்கிப் பொருத்தினால் சாவியைத் திருப்பிய கணத்தில் அது எரிந்துவிடும். பாயிண்டே போதும் என்பது என் கருத்து. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் போட நல்ல கண்டென்சரும் நல்ல ரோட்டரும் கிடைத்தால் அது வருடக்கணக்கில் ஓடும், நின்றாலும் சாலையோரத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு துண்டு உப்புத்தாளும் இருந்தால் திரும்ப ஓட்டலாம். இன்று கடையில் கிடைக்கும் புதிய கண்டென்சர்கள் பல மோசம், அதனால் வேலை செய்கிற பழையதை மாற்றாதீர்கள். மாற்றினாலும் பழையதைத் தூக்கிப் போடாமல் டிக்கியில் வைத்திருங்கள்.

ஜப்பான் இன்ஜின் போடுவது பற்றி. அவரவர் கார், அவரவர் பணம். ஆனாலும் பிரிட்டனில் 40 வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத கார்களுக்கு 2018 மே மாதத்திலிருந்து வருடாந்தரச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு, வேறு குடும்பத்து இன்ஜினைப் போட்டால் அது கைநழுவிப் போகக்கூடும். அது போகட்டும். எனக்கு வருத்தம் வேறு. கழற்றி ஓரமாக வைத்த பி சீரிஸ் இன்ஜின் துருப்பிடித்துப் பழைய இரும்புக்குப் போய்விடும், போனால் திரும்பாது. அதைக் கழற்றச் சொன்ன காரணம் பெரும்பாலும் ஒரு வயர், ஒரு சவ்வு, ஒரு ஸ்பிரிங்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அம்பாசடர் பெட்ரோல் இன்ஜினையும் எஸ்.யூ. கார்ப்பரேட்டரையும் கையால் தொட்டு வேலை செய்தவர்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். மதுரை, திருச்சி, சேலம், நாகர்கோவில் என்று பழைய டாக்சி ஸ்டாண்டு இருந்த எந்த ஊரிலும் விசாரித்தால் ஒருவராவது கிடைப்பார். பெரும்பாலோருக்கு 70 வயது தாண்டியிருக்கும். இங்கே இங்கிலாந்தில் இந்த வேலை தெரிந்தவரைத் தேடிப் போனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அங்கே தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார், யாரும் கேட்பதில்லை. அவர்களில் சிலரைத் தேடிப் போய், அவர்கள் வாய்மொழியிலேயே, அவர்கள் சொல்கிற வார்த்தைகளை மாற்றாமல், உங்கள் ஞாயிறு இணைப்பில் வாராவாரம் ஒரு பக்கம் போடுங்கள். டேப்பட் எப்படி வைப்பார்கள், பிளக்கின் நிறம் என்ன சொல்லும், ஆவியாகி நின்ற வண்டிக்கு ஈரத்துணியை எங்கே சுற்றுவார்கள் என்பதெல்லாம் எந்தத் தமிழ்ப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

என் மாமாவுக்கு இப்போது 78. கண் சரியாகத் தெரியவில்லை, ஃபீலர் கேஜில் எண்ணைப் படிக்க முடியாது என்கிறார், ஆனால் தகட்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து 15-ஆ 12-ஆ என்று சரியாகச் சொல்கிறார். போன மாதம் ஊருக்கு வந்தபோது என் காரின் ஓட்டத்தைப் பதிவு செய்து கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். இரண்டாவது கார்ப்பரேட்டரை அரைப் பட்டை மேலே ஏற்றச் சொன்னார். ஏற்றிவிட்டேன். நிருபர் யாராவது வந்தால் பேசத் தயார் என்று சொல்லியிருக்கிறார், காலை 10 மணிக்கு மேல் வந்தால் நல்லது. அவருடைய தொலைபேசி எண்ணைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன், அதை மட்டும் அச்சிட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
ஆபிங்டன் அருகில், இங்கிலாந்து.